உப்பளத்துச் சம்பந்தி

"மழை வேணாம்ப்பா... வேணவே வேணாம்!"

கொல்லைப்பக்கம் மருமகள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததும் மாமியாருக்குப் பகீரென்றது.

கிணறு தரைதட்டிவிட்டது. கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடி நிற்கிறது. ஊரே அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் என்னடாவென்றால்...

காரணம் புரியாமல் இல்லை. மருமகளின் அப்பாவுக்குக் கடலோரத்தில் நாலு பாத்தி உப்பளம். வெயில்தான் அவருக்குச் சோறு போடுகிறது. ஒரு மழை அடித்தால் போதும், விளைந்த உப்பெல்லாம் கரைந்து போய்விடும்.

மகன் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் பொரிந்து தள்ளினாள்.

"சம்பந்தம் பேசும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? நம்ம வாயில மண்ணு விழணும்னு அப்பனும் மகளும் வேண்டிக்கறாங்க!"

"சும்மா இரும்மா. அவங்க பொழப்பு அவங்களுக்கு."

"அப்போ நம்ம பொழப்பு?"

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது மாமியாருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறாளே!

மறுநாள் மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மகன் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினான். மாமியார் வாசலில் நின்று, இரண்டு கையையும் நீட்டி மழையை ஏந்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், மருமகள் சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"செத்த பயிருக்கு உசிரு வந்திருக்கு. நீ ஒப்பாரி வைக்கிறியா?"

அந்த நேரம் பார்த்து மருமகளின் போன் அடித்தது. அவளுடைய அப்பாதான். மாமியார் வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். இன்றைக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மழை இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"அம்மாடி! அங்க மழை வந்துச்சா? வயல் நனைஞ்சுதா?"

மாமியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இங்க காலையிலயே பிடிச்சிருச்சு. உப்ப வாரி எடுக்கறதுக்குள்ள அத்தனையும் கரைஞ்சு போச்சும்மா. எப்பவும் வெயில் கடல்தண்ணிய மேகமாக்கி உனக்கு அனுப்பிட்டு, உப்ப எனக்குன்னு விட்டுட்டுப் போகும். இந்தத் தடவை எனக்கும் தண்ணியே வந்து சேர்ந்திருச்சு, அவ்வளவுதான். நீ அழாதே. கடல் எங்க போகப்போகுது? வெயில் எங்க போகப்போகுது? அரைவயித்துக் கஞ்சி குடிச்சாவது மறுபடி விளைய வச்சுடுவேன். கருகின பயிரு திரும்பி வருமா சொல்லு?"

அவரே தொடர்ந்தார்.

"வேண்டிக்காதீங்கப்பான்னு எனக்காக நீ எவ்வளவோ தடுத்தே. மக வயலு காயும்போது பெத்தவன் எப்படிம்மா மழைய வேண்டாம இருப்பான்? ஆனா ஒண்ணு... நான் தினமும் மழைக்கு வேண்டிக்கிட்டது உன் மாமியாருக்கு மட்டும் தெரிய வேணாம். பாவம், மழைய நினைச்சு அவங்க சந்தோஷமா இருக்கட்டும்!"