உயிரோடு ஒரு தெய்வத்திரு

"கேமரா முன்னாடி கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்றாதீக. தப்பு நம்மளுதுன்னு மொத வார்த்தையிலயே சொல்லிரணும்" என்றாள் நாகஜோதி.

ஈஸ்வரபாண்டி ஏற்கெனவே துடைத்த பிளக்ஸ் மெஷினை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

சிறு கடைக்காரர்களுக்காகத் தேனியில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போய் வந்தவள் நாகஜோதிதான். வாடிக்கையாளரிடமும் மீடியாவிடமும் எப்படிப் பேசுவது என்பது பாடம். கோபமாக வருகிறவரை முதலில் பேசவிட வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது, மன்னிப்புக் கேட்டால் முழுசாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்து, காலையிலிருந்து புருசனுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கோ அது செவிடன் காதில் ஊதிய சங்கு. தப்பை ஒத்துக்கொள்வதென்றால் இந்த மனுசனுக்கு ஏன் இப்படிக் கசக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. சின்னமனூர் பவுனு தன் மகள் காதணி விழாவுக்கு இவர்கள் கடையில்தான் பிளக்ஸ் அடித்தாள். அதில் தாய்மாமன் முத்துக்கருப்பன் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று விழுந்திருந்தது. போட்டோவுக்குக் கீழே குத்துவிளக்கு வேறு. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த மனுசரை பிளக்ஸ் கடைக்காரன் மேலே அனுப்பிவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் ஊரே சிரித்தது. விடிந்ததிலிருந்து இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. கடைக்குப் பெயர் கெட்டால் பிழைப்பே போச்சு.

பதினோரு மணிக்கு உள்ளூர் சேனல் நிருபர் ஷீபா மைக்கோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் முத்துக்கருப்பனே வந்து நின்றார்.

சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று பயந்த நாகஜோதி, பாடத்தில் படித்தபடி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார். கண்கள் கலங்கியிருந்தன.

அப்பா விட்டுப்போன தோட்டத்தால் வந்த சண்டையில், அவருக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று பதினோரு வருசமாம். ஆறு வயதாகும் மருமகளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. பிளக்ஸ் படம் போனுக்கு வந்ததும், 'உசுரோட இருக்கவனைக் கொன்னுட்டியே' என்று கேட்பதற்காகவே தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் அவரைக் கண்டதும் பவுனு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். கடைக்காரர் செய்த தப்பு, நீ வந்துதான் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும் என்றிருக்கிறாள்.

"எம் போட்டோவை இத்தனை வருசமும் பத்திரமா வச்சிருந்திருக்கா தம்பி" என்றார் முத்துக்கருப்பன். "எனக்கு உங்க மேல கோவமே இல்ல. ஆனா தங்கச்சிதான் வேணும்னே போட்டான்னு சனம் பேசுது. அதை என்னால தாங்க முடியல."

ஷீபா மைக்கை நீட்டினாள். யார் செய்த தவறு என்று கேட்டாள்.

ஈஸ்வரபாண்டி துணியைக் கீழே வைத்தான்.

"தப்பு என்னோடது. அந்தம்மா சரியாத்தான் எழுதிக் கொடுத்தாக. பழைய டிசைன்ல இருந்த வார்த்தையை நான்தான் எடுக்காம விட்டுட்டேன். அண்ணன் நூறு வருசம் நல்லா இருக்கணும். புதுப் பிளக்ஸை இன்னைக்குச் சாயங்காலமே நானே கொண்டுபோயிக் கட்டுறேன்."

முத்துக்கருப்பன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, மருமகளுக்குத் தோடு எடுக்க வேண்டும் என்று சிறுபிள்ளை போல வேகமாகப் படியிறங்கிப் போனார். ஷீபாவும் கிளம்பினாள்.

நாகஜோதிக்கு மனசு நிறைந்துவிட்டது. தப்பை இத்தனை அழகாக ஒத்துக்கொண்ட புருசன் மேல் புதிதாக ஒரு பிரியம் வந்தது.

"இதைச் சொல்லத்தானா இம்புட்டு நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீக" என்று கேலி செய்தபடி, புதுப் பிளக்ஸுக்குப் பெயர்ப் பட்டியல் பார்க்க அவன் போனை எடுத்து, பவுனு அனுப்பியவற்றைத் திறந்தாள். பட்டியலுக்குக் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. அதைத் தொட்டாள்.

"நீங்க எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் தம்பி. தெய்வத்திருன்னே போடுங்க. என்னையப் பொறுத்தவரைக்கும் எங்கண்ணன் செத்துப் பதினோரு வருசமாச்சு."

மெஷினில் புது பிளக்ஸ் ரோலைப் பூட்டிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டி தலையைத் தூக்காமலே, "அதை அழிச்சிரு புள்ள" என்றான்.