முதலில் யார் பெயர்?

"மூணு வருஷமா எலிகளுக்கு ஊசி போட்டது நான், மேடம்! கட்டுரையில அவர் பேரு எப்படி முதல்ல..."

"கத்தாதே. எலிக்கூண்டு வரைக்கும் கேட்கும்."

"கேட்கட்டும்! கடிபட்டது யார் கைன்னு அதுங்களுக்காவது தெரியும். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை!"

"அவருக்கு இங்கே வேலை நிரந்தரமாகணும். நீ அடுத்த கட்டுரையில முதல்ல வந்துக்கோ."

"என் டாக்டர் பட்டமே இதை நம்பித்தான் இருக்கு!"

பேராசிரியை எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விட்டுக்குடுடி. மாப்பிள்ளை மனசு கோணினா வீட்டுல நிம்மதி இருக்காது. உங்கப்பாவுக்கு நான் விட்டுக்குடுக்கலையா?"

சுவரில், அப்பா ஆராய்ச்சிக்காக விருது வாங்கும் படம் மாட்டியிருந்தது. மகள் அதையே பார்த்தாள்.

"அப்போ, அந்த ஆராய்ச்சியைப் பண்ணினது யாரும்மா?"