குயிலுக்கும் முப்பது நாள்

அணிலுக்கு கேம் பைத்தியம். தான் ஆடிய கார் ரேஸை வீடியோவாகப் போட்டது. நடுவில் பத்து நொடி குயிலின் பாட்டு ஒலித்தது. தன் பாட்டை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் குயில் நியமித்திருந்த மைனா, உடனே வீடியோவின் சத்தத்தை அணைத்தது.

"அண்ணே, அது கேமுக்குள்ளயே வர்ற பாட்டு!" என்றது அணில்.

"மனு போடு. முப்பது நாள்ல பார்க்கலாம்," என்றது மைனா. அணில் போட்டது.

மறுநாள் குயிலுக்கும் ஆசை வந்தது. கேமில் ஜெயித்த குஷியில் தன் பாட்டையே பாடி வீடியோ போட்டது. மைனா அதையும் அணைத்தது.

"யோவ், நான்தான்யா குயில்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மனு போடுங்க."

அணில் கிளையில் நகர்ந்து இடம் விட்டது. "உட்காருங்க குயிலண்ணே. எனக்கு இருபத்தொன்பது நாள்தான் பாக்கி."