தோஸ்துக்கு ஒரு ஈயக் கிண்ணம்

"இன்னாடா அம்புரோசு, வலையில கீற ஈயக் குண்டையெல்லாம் பிச்சிப் போட்டு உருக்கிகினு கீறே? கடலு வத்திப் போச்சா?"

காசிமேட்டுச் சந்தில் எந்த வீட்டில் புகை வந்தாலும் ஃப்ளோரன்ஸுக்கு மூக்கு அரிக்கும். ஈயப் புகையை விடுவாளா?

"ஒண்ணுமில்ல பெரிம்மா. தோஸ்துக்கு ஒரு கிண்ணம் வாக்கணும்."

"ஈயத்துலயா? கஞ்சி குடிக்கவா?"

அம்புரோஸ் நெளிந்தான். அவள் நகர்வதாக இல்லை.

"அவனுக்குப் புத்துநோய். கீழ கீற ரெண்டு வெதையில ஒண்ண ஆப்பரேசன்ல எடுத்துட்டாங்க. இப்ப வயித்துக்கு எக்ஸ்ரே மாதிரி கரண்ட் வைக்கணும். மிச்சம் கீற ஒண்ணுல அது பட்டா, புள்ளையே பொறக்காதாம். ஈயத்தால மூடிட்டா தப்பிக்கும். அந்த மூடி பம்பாயிலேர்ந்து வர ஆறு மாசம் ஆவுமாம். நோயி காத்துகினு இருக்குமா? டாக்டரே காயிதத்துல அளவு போட்டுக் குடுத்தாரு."

"உனக்குக் கண்ணாலமாயி மூணு வருசம். ராஜாத்தி வயித்துல ஒண்ணையும் காணோம். தோஸ்தாம் தோஸ்து!"

மறுத்துப் பேச வாயைத் திறந்த அம்புரோஸ், என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

"வெளிய சொல்லாதே பெரிம்மா."

"நானா? எம் வாயிலேர்ந்து வருமா?"

வரவில்லை, கொட்டியது. மீன் ஏலம் முடிவதற்குள் இலங்கை வானொலி எட்டாத வீடுகளுக்கும் சேதி எட்டிவிட்டது. குழாயடியில் ராஜாத்தியைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவளும் குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போனாள்.

பாதிச் சேதி ஃப்ளோரன்ஸுக்கு ஜீரணமாகாது. வியாழக்கிழமை காலை, ரயில்வேக்குப் போகும் மகனுக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, அம்புரோஸுக்குத் தெரியாமல் அவன் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கும் அறைக்கு எதிரே நல்ல கூட்டம். பெஞ்சில் அம்புரோஸ், மடியில் துணி சுற்றிய கிண்ணம்; பக்கத்தில் இருந்தவனைக் கூட்டம் மறைத்தது. தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்ட ஃப்ளோரன்ஸ், பார்த்ததும் உடனே அழுவதற்கு வசதியாக முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"தாமஸ் யாருப்பா? உள்ள வா."

அம்புரோஸிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எழுந்தவன், போன மாதம் அரக்கோணத்தில் டூட்டி என்று சொல்லிப் பதினைந்து நாள் வீட்டுக்கு வராமல் இருந்த, ஃப்ளோரன்ஸ் பெற்ற ஒரே பிள்ளை.