அறுபது சென்ட் உயர்வு

"சம்பள உயர்வு எனக்கு வேண்டாம், மிஸ்டர் ப்ரூவர்," என்றாள் டார்லா.

கென்டக்கியில் கோழிக்கறி ஆலை ஒன்றின் மேலாளர் ப்ரூவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிரசங்கத்துக்கு முன்னால் அவர் கழற்றுவது அதைத்தான்.

"மணிக்கு அறுபது சென்ட். கை நீட்டி வாங்கிக்கறதுக்கு என்ன கஷ்டம்?"

"வாங்கினா வருமான வரம்பைத் தாண்டிடுவேன். என் பொண்ணை விட்டுட்டு வர்ற பகல்நேரக் காப்பகத்துக்கு அரசாங்கம் கட்டற பணம் நின்னுடும். அது மாசம் எண்ணூறு டாலர். நீங்க குடுக்கறது நூறு கூட வராது."

"இதைத்தான் நான் எல்லா மீட்டிங்லயும் சொல்றேன். அரசாங்கம் ஊட்டி ஊட்டியே உங்களை உட்கார வச்சுடுச்சு. முன்னேறணும்கிற வெறியே செத்துப்போச்சு."

"உட்கார்ந்தேனா? வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷமா நின்னுக்கிட்டுதான் சார் கோழி வெட்டறேன்."

"நான் மனப்பான்மையைச் சொன்னேன், டார்லா."

"மனப்பான்மைக்கு மூணு வயசுக் குழந்தையைப் பார்த்துக்கத் தெரியுமா? காப்பகம் இல்லேன்னா அவளை எங்க விடறது, உங்க மேஜை மேலயா? அந்த உதவி இருக்கறதாலதான் நான் வேலைக்கே வர்றேன்."

"எங்கப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவர். யார்கிட்டயும் கை நீட்டினதில்லை."

"நானும் நீட்டலை. உங்ககிட்ட கேக்கறேன். ஒரேயடியா அஞ்சு டாலர் ஏத்துங்க. அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, காப்பகத்துக்கு நானே கட்டிக்கறேன்."

ப்ரூவர் பெருமூச்சு விட்டார். நாட்டின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறவரின் பெருமூச்சு.

"அப்போ, உன் சொந்த விருப்பத்துல உயர்வை மறுக்கறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு."

டார்லா பேனாவை வாங்கினாள். கத்தி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்கள் பேனாவுக்கு வசப்பட நேரம் பிடித்தது. கையெழுத்துப் போட்டாள்.

"பொண்ணு பேரு என்ன?" என்றார் ப்ரூவர், கருணையோடு.

"ஷெல்பி."

"உன்னை மாதிரி வளராம பார்த்துக்க."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். கதவு மூடிய பிறகு ப்ரூவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"உயர்வு தர்றோம்னு சொன்ன பதினேழு பேரும் மறுத்துட்டாங்க சார். கூலியை ஏத்தறோம்னோம், தொழிலாளிங்கதான் வேண்டாம்னாங்கன்னு தைரியமா அறிக்கை விடலாம். ஆமா சார், அரசாங்க உதவிக்கு வருமானச் சான்று நாமதானே எழுதித் தர்றோம். அதைப் பார்த்து, ஒவ்வொருத்தர் வரம்பையும் தாண்டற மாதிரி கணக்குப் போட்டுத்தான் உயர்வை வச்சேன். இப்ப வந்துட்டுப் போனவளுக்கு ஐம்பது சென்ட்னு வச்சிருந்தா வாங்கித் தொலைச்சிருப்பா."