நடு நாற்காலி

“நடுவுல நான்தான் உக்காருவேன். இல்லைன்னா போட்டோவே வேணாம்!”

இப்படி அடம் பிடித்தது பாடினவரும் இல்லை, பாட்டு எழுதினவரும் இல்லை. ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு உருமி வாசித்த நல்லகாமன். பகலெல்லாம் அச்சகத்தில் பைண்டிங் வேலை, சாயங்காலம் உருமி. ஐம்பது வயசில் மனுஷனுக்கு இப்படி ஒரு போட்டோ ஆசை!

ஆனையூரில் ஒரு மொட்டைமாடி. வரிசையாக நாற்காலிகள். நடு நாற்காலியில் சத்யப்ரியா உட்கார்ந்திருந்தாள். அவள் பாடிய முதல் ஆல்பம் இது. அவளுக்கு ஏழாம் மாசம் வேறு. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அதே மேடையில் ஆல்பம் வெளியீடு. பாட்டைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர்கள் கையில் கொடுக்க ஏதாவது வேண்டாமா? அதற்குத்தான் பாட்டு வரிகளோடு பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம்.

வடிவமைப்பு, போட்டோ எல்லாம் காலேஜ் தோழி பிருந்தா. போஸ்டர் போடுவதில் கில்லாடி. புத்தகம் இதுதான் முதல் தடவை.

“நடுப்பக்கம் ரெண்டும் சேர்ந்து ஒரே போட்டோ. கரெக்டா மடிப்பு மேல சத்யா வர்றா. சூப்பரா இருக்கும்!” என்று துள்ளிக்கொண்டு சொன்னாள்.

அப்போதுதான் நல்லகாமன் எழுந்து வந்து அடத்தை ஆரம்பித்தார்.

“அண்ணே, இது அவ ஆல்பம்ணே!” என்றான் முத்துக்குமரன். சத்யாவின் புருஷன், மெட்டுப் போட்டவன்.

“இருக்கட்டும் மாப்ள. தாயி, ஓரத்துல ஒரு நாக்காலி கெடக்கு பாரு, அங்கிட்டுப் போயி உக்காரு.”

பெரிய மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? சத்யா எழுந்து போனாள். முகம் சுருங்கிப்போய்விட்டது. நல்லகாமன் மீசையை முறுக்கி, புதுத் துண்டைச் சரிசெய்து, தொப்பையை முன்னால் தள்ளி ஜம்மென்று உட்கார்ந்தார். பிருந்தா பல்லைக் கடித்துக்கொண்டு படம் எடுத்தாள்.

சனிக்கிழமை காலை. அச்சடித்த தாள்கள் கூடம் முழுக்கக் கிடந்தன. முந்நூறு புத்தகம் தைத்தாக வேண்டும். சத்யா மடித்தாள், பிருந்தா அடுக்கினாள். முதல் புத்தகத்திலேயே தாள் இடம் மாறி, தாலாட்டுப் பல்லவிக்கு எதிரே குத்துப்பாட்டுச் சரணம் வந்து நின்றது. முத்துக்குமரன் அதை அப்படியே பாடிக்காட்டினான். பாதித் தூக்கத்தில் பிள்ளை எழுந்து ஆடுகிற மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தருக்கும் மூச்சு இல்லை.

“போதும்டி, உள்ள இருக்குறதும் சேர்ந்து ஆடுது!” என்று சத்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லகாமன் அச்சகத்திலிருந்து நீளமான ஸ்டேப்ளர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“பின்னு அடிக்கிறது என் வேலை. யாரும் கை வைக்கப்படாது.”

டக். டக்.

முதல் புத்தகத்தைப் பிருந்தா பிடுங்கி நடுப்பக்கத்தைத் திறந்தாள். அவ்வளவுதான், தரையில் விழுந்து உருண்டாள்.

“அண்ணா! உங்களையே குத்திடுச்சு!”

ஒரு பின் துண்டில். இன்னொன்று சரியாகத் தொப்பையின் நடுவில்.

“ஆசைப்பட்டு நடுவுல உக்காந்தீகள்ல? நல்லா வேணும்ணே!” முத்துக்குமரன் கை தட்டினான்.

எல்லாரையும் விட சத்யாதான் அதிகமாகச் சிரித்தாள். ஓரத்துக்குத் தள்ளினாரே, அந்த ஆத்திரமெல்லாம் தீர்ந்துபோகும்படி சிரித்தாள்.

சட்டென்று நிறுத்தினாள். படத்தில் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது.

“அண்ணே... பின்னு இங்கதான் விழும்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

நல்லகாமன் நிமிரவே இல்லை. அடுத்த புத்தகத்தை மடிப்புப் பார்த்து ஸ்டேப்ளரில் வைத்தார்.

“புள்ளத்தாச்சிகிட்ட வாய்விட்டுச் சொல்ற பேச்சா தாயி அது? எந்தொப்ப எம்புட்டுக் குத்துனாலும் தாங்கும். நீ அடுத்ததை மடி.”