ஒன்பதாவது ஓட்டை

காலை ஆறரைக்குக் குளித்து, காற்சட்டை அணிந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு பட்டர்வொர்த் பெர்ரிப் படகுக்குக் கிளம்புவேன். தோல் வேலையைப் பொழுதுபோக்காகப் பழகிய என் மனைவி தர்ஷிகா செய்த முதல் பெல்ட் அது. ஐந்து ஓட்டைகள். எல்லாமே நடுவிலிருந்து சற்று மேலே விலகியவை.

அவள் இறந்தபின் நான் இளைத்தேன். காற்சட்டை இடுப்பில் தளர்ந்த காலைகளில் பெல்ட்டில் நான் போடாத புதிய ஓட்டை ஒன்று இருந்தது. அதுவும் சற்று மேலேதான். இப்படி எட்டு ஆகிவிட்டன.

செபராங் ஜெயாவில் இருக்கும் அவள் தங்கைக்குப் போன் செய்தேன்.

"ஓட்டை போடுற பஞ்ச் எங்கிட்டதான் இருக்கு அத்தான். நீங்கதானே அக்காவோட தோல் வேலைப் பெட்டியோட குடுத்தீங்க? சாப்பிட்டீங்களா?"

"ம்" என்றேன். சாப்பிடவில்லை.

இன்று காற்சட்டை நழுவியது. ஒன்பதாவது ஓட்டை இல்லை.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிச் செல்லும்போது தர்ஷிகா கடைசியாகச் சொன்னது:

"போய்ச் சாப்பிடுங்க. என் பின்னாலயே வந்துறாதீங்கலா."